மாமூலும் சுதந்திரமும்: மரபு வேளாண்மை எழுத்து பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

மரபு வேளாண்மை, பழைய நீர் மேலாண்மை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அதன் வரிசை மனப்பாடமாகியிருக்கும். முதல் பத்தியில் சோழரும் பாண்டியரும் ஏரி வெட்டுவார்கள். அடுத்ததில் ஊர் கூடித் தூர்வாரும். அப்புறம் வெள்ளைக்காரன் வந்து கெடுப்பான். கடைசியில் நாம் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம், மீட்டெடுக்க வேண்டும் என்று முடியும். நடுவில் எங்காவது உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியம் கண்டிப்பாக வந்துவிடும்.

இதில் பொய் என்று தள்ள அதிகம் இல்லை. ஏரி உண்மை, கல்வெட்டும் உண்மை. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் இருந்துகொண்டு இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு கேள்வி நெருடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கதைகளில் சட்டம் எங்கே போனது?

சட்டம்னா கோர்ட்டு, வக்கீல் இல்லை. மடையை யார் திறக்கலாம், யார் தொடவே கூடாது. தண்ணீர் பாதிக் கண்மாய்தான் பெருகியிருக்கிறது என்றால் யார் நிலம் நட வேண்டும், யார் நிலம் தரிசாகக் கிடக்க வேண்டும். கரைக்கு மண் சுமக்க வராதவனுக்கு என்ன தண்டம். வேலை பார்த்தவனுக்குக் கூலி எந்த நாளில், எந்தக் களத்தில், எத்தனை மரக்கால். இப்படி எழுதாமலே நடந்த விதிகளைத்தான் வழக்காற்றுச் சட்டம் என்கிறோம். நம்முடைய கட்டுரைகள் மடையின் கல் வேலைப்பாட்டை, கலிங்கின் உயரத்தை, பாரம்பரிய நெல்லின் பெயர்களை அழகாக எழுதுகின்றன. விதிகளை மட்டும் "ஊர் கூடி முடிவு செய்தது" என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒற்றை வரிக்குள்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் நீர்க்கட்டியைப் பற்றி. திண்டுக்கல் சமவெளியில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை நம்பி இருக்கிறது. கீழ்ப் பழனி மலையிலும் சிறுமலையிலும் பெய்வது ஓடைகளில் இறங்கி, குளத்துக்குக் குளம் மறுகால் பாய்ந்து கீழே போகும். தண்ணீர் வரும் நாட்கள் கொஞ்சம், அதை வைத்து ஓட்ட வேண்டிய மாதங்கள் அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று மதுரை, ராமநாதபுரம், திண்டுக்கல் பக்கங்களில் ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர். மழை ராத்திரியில் கலிங்குக்குப் போய் நிற்பது அவர். கரையில் நண்டு வளை, எலி வளை பார்த்துக் கசிவை அடைப்பது அவர். வரத்துக்காலில் மேலூர்க்காரன் குறுக்கே மண் போட்டிருக்கிறானா என்று நடந்து பார்த்து வருவதும் அவர்தான்.

இதையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில் நிலக்காரர் தன் வயலுக்குத் தானே வாய்மடை வெட்டக் கூடாது. நீர்க்கட்டிதான் வெட்டி விடுவார், அவர்தான் அடைப்பார். மேட்டுமடையில் பத்து ஏக்கர் வைத்திருக்கிற பெரிய பண்ணையாக இருந்தாலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பதற்கு உரிமை இல்லை.

இது ஏன் ஓரளவுக்காவது வேலை செய்தது? நீர்க்கட்டி நல்லவர், நேர்மையானவர் என்பதற்காக மட்டும் இல்லை. அவருக்குக் கூலி மாதச் சம்பளம் கிடையாது. அறுவடையானதும் ஒவ்வொரு களத்திலிருந்தும் நிலத்தின் அளவுக்கேற்ப நெல். கடைமடை காய்ந்துபோனால் அந்தக் களத்து நெல் அவருக்கு இல்லை. அதாவது, கடைசி வயல் வரை தண்ணீர் போய்ச் சேருவது அவருடைய வயிற்றுப் பிரச்சினை. இன்றைக்கு மேலாண்மைப் புத்தகங்களில் ஊக்கத்தொகை வடிவமைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதைக் களத்து மேட்டில் முடித்திருக்கிறார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய 'கவர்னிங் தி காமன்ஸ்' நூலில், பொதுவளம் நீடிக்க வேண்டுமானால் கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வரும். வாசித்தபோது எனக்குக் களத்து நெல்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கூலிக்குப் பெயர் சுதந்திரம். ஆமாம், அதே சொல்தான். களத்துச் சுதந்திரம், மடைச் சுதந்திரம் என்று ஊழியத்துக்கு உரிய தானியப் பங்கைச் சொல்வார்கள். 1947க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பொருள்தான் பாடப்புத்தகத்தில் மிஞ்சியது. இதே மாதிரிதான் மாமூல். அரபு மூலத்தில் வழக்கமாக நடப்பது என்றுதான் பொருள். சென்னை மாகாணத்தில் பாசன வழக்கங்களை, எந்த மடைக்கு எத்தனை நாள், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்த ஆவணத்துக்கு மாமூல்நாமா என்றே பெயர். இன்றைக்கு மாமூல் என்றால் என்ன என்று யாரிடம் கேட்டாலும் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார்கள். வழக்கத்துக்கு இருந்த மரியாதை எப்படிச் சரிந்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லின் கதியே போதும்.

மூன்றாவது சொல் குடிமராமத்து. ஆயிரம் ஆண்டுத் தமிழ் மரபு என்று மேடைகளில் முழங்குகிறார்கள். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். குடி தமிழ். மராமத்து, பழுதுபார்த்தல் என்ற பொருளில் அரபு, பாரசீகம் வழியாக வருவாய்க் கச்சேரிக்கு வந்த சொல். ஊரார் சேர்ந்து கரை போட்டது பழையதாக இருக்கலாம். ஆனால் அதற்குக் குடிமராமத்து என்று பெயர் வைத்து, குடிகளின் கடமை என்று கணக்கில் எழுதியது கச்சேரி. வேலையை யார் தலையில் கட்டுவது என்ற தேவையிலிருந்து பிறந்த பெயர் இது.

1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்பது அதன் பெயர். கரை உடைப்பு மாதிரி அவசரத்தில் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரம் தந்தது. கூடவே, வழக்கப்படி ஊர் செய்ய வேண்டிய பராமரிப்பு உழைப்பைச் செய்ய மறுப்பவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது. இதன் மறுபக்கம் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். வழக்கத்தால் வரும் வசதியுரிமையை அது ஏற்கிறது. ஆனால் ஆறு, ஓடை, ஏரி, பொதுச் செலவில் கட்டிய வாய்க்கால் ஆகியவற்றின் தண்ணீரைத் தேக்கவும் பங்கிடவும் அரசுக்குள்ள உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. ஆக, மாமூலில் இருந்த கடமைப் பக்கத்தைக் குடிகளிடம் விட்டார்கள், பங்கிடும் உரிமையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. "வெள்ளைக்காரன் மரபை அழித்தான்" என்ற வரியைவிட இது எனக்குத் துல்லியமாகப் படுகிறது. மரபை முழுசாக அழிக்கவில்லை. வேண்டிய பாதியை வெட்டி எடுத்துக்கொண்டான்.

ஒரு வேடிக்கை. வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அது எழுதப்பட்ட சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்று பிரிவி கவுன்சில் 1868இல் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு, அன்றைய மதுரை ஜில்லா கலெக்டர் ஒரு கட்சியாக இருந்த ராமநாதபுரம் தத்தெடுப்பு வழக்கில் வந்தது. திண்டுக்கல்லும் அப்போது அந்த ஜில்லாவில்தான். அதே 1868இல் 'தி மதுரா கன்ட்ரி' நூலை வெளியிட்ட நெல்சன், 1877இல் இன்னொரு புத்தகம் எழுதி, இங்குள்ள சாதாரண ஜனங்களின் வழக்கத்தைப் பார்க்காமல் சமஸ்கிருத நூல்களை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது சென்னை உயர்நீதிமன்றம் என்று காய்ச்சினார். சொத்துக்கும் வாரிசுக்கும் வழக்கம் பெரிசு. தண்ணீருக்கு வந்தால் மட்டும் சர்க்கார் பெரிசு.

இனி புத்தகங்கள். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்த 'டையிங் விஸ்டம்' 1997இல் வந்தது. இந்தியா முழுக்க உள்ள பழைய நீர்நிலை முறைகளை ஒரே இடத்தில் சேர்த்த பெரிய வேலை, மதிக்கிறேன். ஆனால் தலைப்பிலேயே ஒரு முடிவு இருக்கிறது. அறிவு ஒன்று இருந்தது, அது சாகிறது. அந்த அறிவை யார் உடம்பால் சுமந்தார்கள் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. டேவிட் மாஸ் 2003இல் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' இதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறது. ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை வைத்து, இவை ஒருநாளும் தன்னாட்சிக் கிராமங்களின் ஜனநாயகச் சொத்தாக இருந்ததில்லை. அரசர், ஜமீன், கோயில் மரியாதை, சாதித் தலைமை எல்லாம் பின்னிய அதிகார ஏற்பாடு என்று காட்டுகிறார். குடிமராமத்து என்ற கற்பனையையே காலனியக் கச்சேரி எப்படி உருவாக்கியது என்று அவர் 1999இலேயே கட்டுரை எழுதியவர். அதில் எனக்குப் பெரிய உடன்பாடு.

தயக்கம் ஓரிடத்தில். அவர் எழுதியது பெரும்பாலும் பெரிய ஜமீன் பூமி. திண்டுக்கல் 1792இலேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது. கன்னிவாடி, அம்மையநாயக்கனூர் ஜமீன்களும் ரயத்துவாரி ஊர்களும் கலந்து கிடந்த இடம். இங்கே எல்லா வழக்கத்தையும் ராஜ மரியாதையிலிருந்து விளக்கிவிட முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், மாஸை வாசித்தவர்கள் சிலர் "எல்லாம் ஆதிக்கம்தானே, விதி என்ன விதி" என்று கையைக் கழுவிவிடுகிறார்கள். ஆதிக்கத்துக்குள் இருந்த விதியும் விதிதான். மேட்டுமடைப் பண்ணையார் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்பது அவருக்கும் சேர்த்துப் போட்ட கட்டு.

ஆனால் அந்தக் கட்டை நடத்தியவர் வாழ்க்கை எப்படி இருந்தது? இங்கேதான் "மரபு அறிவு" கட்டுரைகள் மேல் எனக்கு உண்மையான கோபம். நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் தலித் சாதிகளுக்கு, இந்தப் பக்கத்தில் குறிப்பாகப் பள்ளர் சமூகத்துக்கு உரிய ஊழியம். 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டப்படி ஒரே பெயரில் சேர்க்கப்பட்ட ஏழு பிரிவுகளில் குடும்பன் என்பதும் ஒன்று. கண்மாயின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஊர்க் கூட்டத்தில் எட்டி நிற்க வேண்டும். தண்ணீரை எந்த வயலுக்கு விடுவது என்று முடிவெடுத்த அதே கை, ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி போட முடியாது. இதுவும் அதே வழக்காற்றுச் சட்டத்தின் ஒரு பிரிவுதான். மடை விதியை மட்டும் எடுத்துக்கொண்டு கிணற்று விதியை அடிக்குறிப்பிலும் சேர்க்காமல் விட்டால் அது வரலாறு ஆகாது. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் சேர்த்து, அடிப்படை உரிமைக்கு முரணானது செல்லாது என்கிறது. 17 தீண்டாமையை ஒழிக்கிறது, 23 கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. களத்து நெல்லோடு வந்த இழிவை மறுத்து எத்தனையோ ஊர்களில் அந்தக் குடும்பங்களே இந்த ஊழியத்தைக் கைவிட்டார்கள். பிள்ளைகள் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போனார்கள். அதை "மரபு அழிவு" என்று எழுதுகிறவர்களுக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய முறை எல்லார் வயிற்றையும் காத்தது என்பார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாக் கூலிகள். கண்மாய் வற்றினால் முறைப்பாசனம் நிலக்காரர்களுக்குள் பஞ்சத்தைப் பங்கு போட்டது. நிலமே இல்லாதவனுக்கு அதில் பங்கு கிடையாது, களத்தில் நெல் இல்லையென்றால் அவன் சுதந்திரமும் போயிற்று. மதுரை ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஜனங்கள் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வேளைச் சோற்றை எல்லா வீட்டுக்கும் ஓரளவு உறுதி செய்தது, குறைகள் எத்தனை இருந்தாலும், ரேஷன் கடைதான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்தும் எல்லாருக்கும் பொது என்ற தன் முறையை விடவில்லை. இதைச் சொன்னால் மரபு எதிரி என்பார்கள். பரவாயில்லை.

(புஞ்சைப் பக்கம் தனிக் கதை. குஜிலியம்பாறை, வேடசந்தூர்ச் செம்மண்ணில் சோளம், கம்போடு தட்டப்பயறும் மொச்சையும் துவரையும் கலந்து விதைத்தது, ஒன்று பொய்த்தால் இன்னொன்று என்ற கணக்கு. அதைப் பற்றி வேறொரு குறிப்பில் பார்ப்போம்.)

இப்போது 2017. அந்த ஆண்டு மார்ச்சில் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் தொடங்கியது. முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஆயக்கட்டுக்காரர் சங்கங்கள் வழியாக வேலை, 10 விழுக்காடு அவர்கள் பங்களிப்பு. கரை பலப்படுத்தினார்கள், மதகு சரி செய்தார்கள், தூர்வாரினார்கள். நல்ல வேலை நடந்த ஊர்களும் உண்டு. நான் கேட்பது வேறு. குடிமராமத்தில் மராமத்து வந்தது, குடி எங்கே? தூர்வாரி முடித்த பிறகு அடுத்த வருஷம் மடையை யார் திறப்பது, முறை யார் வைப்பது, அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று மதிப்பீட்டில் இடம் இல்லை. ஜேசிபிக்கு மணிக்கணக்கு உண்டு. நீர்க்கட்டிக்கு ஒரு வரி கிடையாது. 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் விவசாயிகள் மேலாண்மைச் சட்டமும் நிலம் உள்ளவர்களைத்தான் சங்கத்தில் சேர்க்கிறது. மாமூலில் நீர்க்கட்டிக்காவது ஒரு பதவி இருந்தது. புதுச் சட்டத்தில் நிலமில்லாதவர் கண்மாய்க்கு அந்நியர்.

வண்டல் மண் விஷயம் இதைவிடச் சுவாரசியம். கோடையில் கண்மாய் வற்றினதும் வண்டி கட்டி வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது பழைய வழக்கம். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர்வாரல், செலவு இல்லை. அப்புறம் அதே மண் சிறு கனிமம் ஆனது, அள்ளினால் அனுமதி வேண்டும் என்றார்கள். 2017இல் தளர்த்தினார்கள். 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று இன்னும் எளிதாக்கினார்கள். வழக்கத்தைத் தடை செய்துவிட்டு, பிறகு அதையே சலுகையாகத் திருப்பித் தருவது. அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போகிறது என்ற புகாரும் கூடவே வருகிறது. வயலுக்கு மட்டும் என்று பார்த்துச் சொல்ல கரையில் இப்போது ஆள் இல்லை.

மாமூலை மீட்டாலே போதும் என்கிறவர்களுக்குக் குடகனாற்றைக் காட்ட விரும்புகிறேன். கீழ்ப் பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வழியாக வந்து, வேடசந்தூர் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேரும் ஆறு. மேலே ராஜவாய்க்கால் பாசனக்காரர்கள், கீழே ஆற்றை நம்பிய ஊர்கள். தண்ணீர் பிரியும் இடத்தில் எவ்வளவு எந்தப் பக்கம் என்ற தகராறு போராட்டம், வல்லுநர் குழு என்று வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் சொல்வது ஒரே சொல், மாமூல். ஓர் ஊருக்குள் முறை வைக்கத் தெரிந்த வழக்கம், ஊரும் ஊரும் மோதினால் திணறுகிறது. திண்டுக்கல் டவுனுக்குக் குடிதண்ணீர் ஆத்தூரிலிருந்து போகிறது என்பதைச் சேர்த்தால் எந்தப் பழைய மாமூலிலும் இல்லாத மூன்றாவது பங்காளி வந்துவிடுகிறார். தோல் ஷாப்புக் கழிவுக்கும் வழக்கத்தில் விதி கிடையாது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் மேல் தீர்ப்புச் சொன்னபோது திண்டுக்கல்லும் அந்த மாவட்டப் பட்டியலில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் போர்வெல். 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசம் ஆனது. மேலே சொன்ன அதே 1882 சட்டம், ஏழாம் பிரிவின் ஒரு விளக்கத்தில், தன் நிலத்துக்கு அடியில் தனி ஓடையாக ஓடாத தண்ணீரை நிலக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆயிரம் அடி தோண்டுகிறவருக்குக் கண்மாய் எதற்கு, முறை எதற்கு, நீர்க்கட்டி எதற்கு? வரத்துக்கால் அடைபட்டால் அவருக்குக் கவலை இல்லை. கவலைப்படுகிறவர் போர் போடக் காசில்லாத கடைமடைக்காரர், அவர் குரல் கூட்டத்தில் எடுபடாது. நிலத்தடி நீருக்கு நமக்கு மாமூல் ஒன்று உருவாகவே இல்லை. மரபு எழுத்தாளர்கள் கொஞ்சம் கல்வெட்டை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

மதுரையைத் தலைமையாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய்ச் சங்கங்களை, ஒரே ஓடையில் தொடராக உள்ள கண்மாய்களைச் சேர்த்தே பார்த்து அமைத்து வருகிறது. ஊரும் ஊரும் மோதும் பிரச்சினைக்கு அது ஒரு நேர்மையான தொடக்கம் என்று நினைக்கிறேன். அதோடு என் பங்குக்கு மூன்று சில்லறைக் கோரிக்கைகள். எந்தத் தூர்வாரும் மதிப்பீட்டிலும் ஐந்து ஆண்டுக்கு நீர்க்கட்டிச் சம்பளம் சேர வேண்டும். அது எந்தச் சாதிக்கும் உரிய ஊழியமாக இல்லாமல், ஆணோ பெண்ணோ விண்ணப்பம் போட்டுச் சேரும் வேலையாக இருக்க வேண்டும். சங்கத்தில் நிலமில்லாதவருக்கும் ஓட்டு வேண்டும். மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அதே கண்மாய்க்குத் திரும்ப வேண்டும். இதில் எதுவும் புரட்சி இல்லை. ஒரு பொறியாளர் தன் மதிப்பீட்டுத் தாளில் கூடுதலாக ஒரு வரி எழுதி மேலே அனுப்பினாலே முதலாவது நடந்துவிடும். அந்த வரியை எந்தக் கணக்குத் தலைப்பில் சேர்ப்பது என்று மேலிருந்து கேள்வி வரும், அதுவும் தெரியும்.